நல்லெண்ணெயை ஜெல்லாக்கி மருந்தை மெதுவாக வெளியே விடவைப்பது எப்படி?

பார்மசி ஆய்வகத்தில் முதல் ஓலியோஜெல், அதாவது ஜெல்லாகக் கட்டிய எண்ணெய், செய்கிறீர்களா? எண்ணெயைக் கட்டும் பொருளுக்கு, அதாவது ஜெல்லேட்டருக்கு, 12-ஹைட்ராக்சிஸ்டியரிக் அமிலத்தில் ஆரம்பியுங்கள். ஆமணக்கெண்ணெயில் பெரும்பங்காக இருக்கும் ரிசினோலியிக் அமிலத்தில் ஹைட்ரஜன் ஏற்றினால் கிடைப்பது இது. எத்தில்செல்லுலோஸும் எண்ணெயைக் கட்டும்தான், ஆனால் அதற்கு 130 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாக்க வேண்டும், அந்தச் சூட்டில் எண்ணெயும் கெடும், மருந்தும் தாங்குமா என்ற கவலை வேறு.

எண்ணெய்க்கு, சுத்திகரித்த நல்லெண்ணெய் அல்லது சோயா எண்ணெய் போதும். ஜெல்லேட்டர் ஆமணக்கிலிருந்துதானே வந்தது என்று ஆமணக்கெண்ணெயையே எடுக்காதீர்கள். அதன் முனைவுத்தன்மை அதிகம், ஜெல்லேட்டர் அதில் சுகமாகக் கரைந்தே கிடக்கும், கட்டுவதற்கு இன்னும் நிறையப் போட வேண்டிவரும்.

ஜெல்லேட்டரை எடையில் 2, 4, 6, 8 சதவீதம் என்று சின்னக் குப்பிகளில் போட்டு, கலக்கியபடியே 80 முதல் 85 டிகிரி வரை சூடாக்குங்கள். தெளிவானதும் 1 சதவீதம் இபுப்ரோஃபென் (வலிநிவாரணி மருந்து) சேர்த்துக் கரையுங்கள். அப்புறம் கலக்குவதை நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் ஆறும்போதுதான் மெல்லிய இழைகளாகப் படிகங்கள் பின்னி எண்ணெயைப் பிடித்துவைக்கின்றன, கலக்கினால் அந்தப் பின்னல் அறுந்துபோகும். ஆறும் வேகம் மாறினால் இழைகளின் அளவும் மாறும், அதனால் எல்லாக் குப்பிகளையும் ஒரே வெப்பநிலைத் தண்ணீர்த் தொட்டியில் வையுங்கள். நிறையப் பேர் இதைக் கண்டுகொள்வதில்லை, பிறகு ஒரு தடவை வந்த முடிவு மறுதடவை வராமல் திண்டாடுகிறார்கள்.

மறுநாள் கவிழ்த்துப் பாருங்கள், வழியாமல் நின்றால் ஜெல். மருந்து போடாத ஜெல்லும் பக்கத்தில் இருக்கட்டும்: இபுப்ரோஃபெனும் ஜெல்லேட்டரும் இரண்டுமே கார்பாக்சிலிக் அமிலங்கள், மருந்தே பின்னலில் தலையிட வாய்ப்புண்டு.

கெட்டியாக இருப்பதால் மட்டும் மருந்து மெதுவாக வரும் என்று சொல்லிவிட முடியாது. ஃபிரான்ஸ் செல்லில் (மேலே ஜெல், நடுவில் சவ்வு, கீழே திரவம் இருக்கும் சோதனைக் கலம்), 32 டிகிரியில், பிஎச் 7.4 பாஸ்பேட் பஃபருக்குள் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) எவ்வளவு வருகிறது என்று அளந்து பாருங்கள். எடுத்த ஒவ்வொரு மாதிரிக்கும் ஈடாகப் புதுப் பஃபர் ஊற்ற மறக்காதீர்கள். வெறும் எண்ணெயில் கரைத்த அதே மருந்தையும் சேர்த்தே ஓட்டுங்கள், இல்லாவிட்டால் தாமதம் ஜெல்லாலா, எண்ணெயாலா, சவ்வாலா என்று பிரிக்கவே முடியாது. வெளிவந்த மருந்தின் அளவை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வருகிறதா? அப்படியானால் விரவல்தான், அதாவது மருந்து தானாகப் பரவி நகர்வதுதான், வேகத்தைத் தீர்மானிக்கிறது என்று ஓரளவு நம்பலாம்.

சேமித்த ஜெல்லில் எண்ணெய் கசிகிறதா, பெராக்சைடு மதிப்பு (எண்ணெய் ஆக்சிஜனேற்றத்தால் கெடுவதைக் காட்டும் அளவு) ஏறுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். கையில் தடவிப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம்.