மாடு மேயாத கொழிஞ்சி: வயலுக்கும் மருந்துக்கும் பயன்படுத்தும் முறை

புதுச்சேரியின் பாகூர் ஏரிக்கரையிலும், கடலூர் மாவட்டத்தின் குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம் பகுதிகளின் செம்மண் மேடுகளிலும், அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் காட்டுமன்னார்கோவில் வயல்களிலும் சித்திரை வெயிலில் புல்லெல்லாம் கருகிய பிறகும் பச்சையாக நிற்கும் குறுஞ்செடிகளில் முதன்மையானது கொழிஞ்சி. கொழுஞ்சி என்றும் இதைச் சொல்வார்கள். சித்த மருத்துவத்தில் கொள்ளுக்காய் வேளை என்ற பெயரும் உண்டு. மாடுகள் பொதுவாக இதில் வாய் வைப்பதில்லை என்பதால் மேய்ச்சல்காரர்கள் இதைக் களை என்றே எண்ணுகிறார்கள். ஆனால் மாடு தின்னாமல் விட்டுவிடும் அந்தக் குணமே நெல் விவசாயிக்கு இதை ஒரு பெரிய செல்வமாக்குகிறது. வேலியில்லாத வயலில், ஊர் மாடுகள் அனைத்தும் நுழைந்து மேயும் கோடையில், காவலே இல்லாமல் வளர்ந்து நிற்கக்கூடிய பசுந்தாள் உரப்பயிர், அதாவது பச்சையாகவே மடக்கி உழுது மண்ணுக்கு உரமாக்கும் பயிர், இது.

முதலில் செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். கொழிஞ்சி முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை கிளைத்து வளரும் பயறு வகைச் செடி. ஒரு காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் இணையிணையாக அமைந்து, நுனியில் ஒற்றை இலையோடு முடியும். பூக்கள் சிறியவை, அவரைப் பூவின் வடிவம் கொண்டவை, ஊதா கலந்த செந்நிறத்தில் கிளை நுனிகளில் நீண்ட கொத்தாக வரும். காய் தட்டையாக, சற்றே வளைந்து, ஒன்றரை அங்குல நீளத்தில் இருக்கும். ஐயம் தீர ஒரு சோதனை உண்டு. ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் அது நேராகக் கிழியாமல், நரம்புகளின் போக்கிலேயே அம்பின் வால்போல் இரு சாய்கோடுகளாகப் பிளக்கும். அவுரியையும் கொழிஞ்சியையும் பலர் மாற்றிக்கொள்கிறார்கள். பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் நீலச் சாயத்திற்காகப் பயிரிடப்பட்ட அவுரி இன்னும் தரிசுகளில் தப்பி நிற்பதுண்டு. அவுரியின் காய் உருண்டு மெலிந்திருக்கும், பூங்கொத்து குட்டையாக இலைக்கக்கத்திலேயே ஒட்டி நிற்கும். மருந்துக்காகப் பறிப்பவர்கள் பூவும் காயும் இருக்கும் பருவத்தில் மட்டும் பறித்தால் இந்தக் குழப்பம் நேராது.

மேய்க்கால் புறம்போக்கில் கொழிஞ்சி ஆண்டுக்கு ஆண்டு பெருகிவருமானால், அந்த நிலம் அளவுக்கு மீறி மேயப்படுகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். நல்ல புற்களை மாடுகள் வேரோடு கடித்துத் தீர்க்க, தீண்டப்படாத கொழிஞ்சி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அங்கே புல்லை மீட்க விரும்புபவர்கள் காய் முற்றுவதற்கு முன் அதை அறுத்துவிட வேண்டும். அறுத்ததை எரிப்பது பெரும் வீண். அது வயலுக்குப் போக வேண்டிய தழை.

இனி, வயலில் பயன்படுத்தும் முறை. கொழிஞ்சியின் வேரில் உள்ள முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற தழைச்சத்தாக மாற்றித் தருகின்றன. ஈரமான மண்ணிலிருந்து ஒரு செடியைக் கவனமாகத் தோண்டி, ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் செயல்படவில்லை என்று பொருள். அத்தகைய நிலத்தில் விதைக்கும்போது ரைசோபியம் உயிர் உரம் கலப்பது அவசியம்.

கொழிஞ்சி விதைத்துப் பார்த்து, முளைக்கவில்லை என்று கைவிட்டவர்கள் ஏராளம். குறை விதையில் இல்லை. அதன் தோல் மெழுகுபோல் கடினமானது, நீரை உள்ளே விடாது. ஆகவே விதைப்பதற்கு முன் அந்தத் தோலை இளக்க வேண்டும். எளிய முறை, விதையுடன் சம அளவு கரடுமுரடான ஆற்று மணலைச் சேர்த்து உரலில் இட்டு, விதை உடையாமல், மேல்தோல் மட்டும் தேய்ந்து மங்கும் வரை மெல்லக் குத்துவது. மற்றொரு முறை, 55 டிகிரி வெப்பமுள்ள நீரில் இரண்டு மூன்று நிமிடம் விதையை மூழ்கவைத்து உடனே எடுத்துக் குளிர்ந்த நீரில் போடுவது. வெப்பமானி இல்லாத வீட்டில், கொதிக்கும் நீர் ஒரு பங்குக்குச் சாதாரணத் தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் ஏறத்தாழ அந்த வெப்பம் கிடைத்துவிடும். கொதிநீரிலேயே நேராகப் போட்டால் முளை வெந்துபோகும். நீரில் இட்டு எடுத்த விதையை நிழலில் உலர்த்தி, ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்துப் பூசி, மீண்டும் நிழலில் அரை மணி நேரம் உலரவிட்டு, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். தமிழ்நாட்டுப் பகுதியில் இருப்பவர்கள் வேளாண்மை விரிவாக்க மையத்திலும், புதுச்சேரிப் பகுதியில் இருப்பவர்கள் உழவர் உதவியகத்திலும் உயிர் உரத்தைக் கேட்டுப் பெறலாம்.

ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். விதைக்கும் காலம் நிலத்தைப் பொறுத்தது. வீராணம் பாசனத்தில் சம்பா ஒருபோகம் எடுப்பவர்கள், தை மாத அறுவடைக்குச் சுமார் ஒரு வாரம் முன்பு, மண்ணில் கால் பதியும் அளவு ஈரம் இருக்கும்போது நிற்கும் பயிரிலேயே விதையைத் தூவிவிடலாம். உளுந்து தெளிப்பவர்கள் இரண்டையும் ஒரே வயலில் ஒன்றாகத் தெளிக்கக் கூடாது, இளம் பருவத்தில் ஒன்றையொன்று நெருக்கும். உளுந்து எடுத்த பிறகு பெய்யும் முதல் கோடை மழைக்குப் பின் ஓர் உழவு ஓட்டிக் கொழிஞ்சியை விதைப்பதே அவர்களுக்குச் சரி. முதல் ஒரு மாதம் செடி மிக மெதுவாகவே வளரும், பார்ப்பவருக்கு நம்பிக்கை குறையும். அந்தக் காலத்தில் அது ஆணிவேரை ஆழத்திற்கு இறக்கிக்கொண்டிருக்கிறது. அக்னி நட்சத்திரத்தையும் அது பச்சையாகத் தாண்டி நிற்பது அந்த வேரினால்தான். நீர் தேங்குவதை மட்டும் இச்செடி தாங்காது. பள்ளக்கால் வயலிலும் உவர் நிலத்திலும் கொழிஞ்சியை வற்புறுத்தாமல் தக்கைப்பூண்டு என்ற மற்றொரு பசுந்தாள் உரப்பயிரை விதைப்பதே நல்லது.

பூக்கத் தொடங்கும் பருவமே மடக்கி உழுவதற்கு உரிய பருவம். அதைத் தாண்டி விட்டால் தண்டு கட்டையாகி, மண்ணில் மக்குவதற்கு நெடுநாள் பிடிக்கும். நடவாட்களின் காலிலும் குத்தும். ஆடி, ஆவணியில் தண்ணீர் வந்ததும் வயலில் இரண்டு மூன்று அங்குலம் நீர் கட்டி, கேஜ் வீல் (சேற்றில் ஓடும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) பூட்டிய டிராக்டராலோ ரோட்டவேட்டராலோ செடியைச் சேற்றில் அமிழ்த்த வேண்டும். அமிழ்த்திய அன்றே நடக் கூடாது. தழை மக்கத் தொடங்கும் நாட்களில் சேற்றில் சூடும் வாயுவும் கிளம்பி இளநாற்றின் வேரைக் கருகச் செய்யும் என்பதால், குறைந்தது பத்து நாள் இடைவெளி விட்டு, மீண்டும் ஒரு முறை சேறாக்கி நடவு செய்வது பாதுகாப்பானது.

இதனால் கிடைக்கும் ஆதாயத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நன்கு வந்த கொழிஞ்சி ஏக்கருக்கு இரண்டரை டன் அளவுக்குப் பச்சைத் தழை தரும். அதில் நான்கில் மூன்று பங்கு நீர் என்று கழித்துவிட்டு, மிஞ்சும் காய்ந்த எடையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு தழைச்சத்து என்று கொண்டால், ஏறத்தாழ 15 கிலோ நைட்ரஜன் மண்ணில் சேர்கிறது. யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது என்பதால், இது 45 கிலோ மூட்டையில் முக்கால் மூட்டை யூரியாவுக்கு ஈடாகும். அதனால் அடியுர யூரியாவைத் துணிந்து குறைக்கலாம்; மேலுரத்தைப் பயிரின் இலை நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தழை மக்குவதால் மண் பொலபொலப்பாகி நீரைப் பிடித்துவைக்கும் பயனை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை, மணற்பாங்கான நிலத்தில் அதுவே பெரிய பயன்.

தென்னை வட்டப்பாத்தியில் ஆடிப்பட்ட மழையின்போது ஒரு கைப்பிடி விதையைத் தூவி, பூக்கும் பருவத்தில் கொத்தி மூடலாம். முந்திரித் தோப்புகளில் கொழிஞ்சிக்கு இன்னும் முக்கியமான வேலை இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் கடலூர், புதுச்சேரிப் பகுதிகளின் முந்திரியைச் சாய்த்துவிட்ட பிறகு, புதிதாகக் கன்று நட்ட தோப்புகளில் நிழலில்லாத செம்மண் மழைக்குத் திறந்து கிடந்தது. கன்றுகள் குடைபோல் விரிந்து நிலத்தை மூடும் வரை, வரிசைகளுக்கு இடையில் கொழிஞ்சி இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்மண் கரைந்து ஓடுவது வெகுவாகக் குறையும். கன்றைச் சுற்றி மூன்றடிக்குள் மட்டும் செடியை அறுத்து அங்கேயே மூடாக்காகப் போட வேண்டும்.

மருந்தாகப் பயன்படுத்துவதைப் பற்றி எழுதும்போது என் குரலைச் சற்று எச்சரிக்கையாக வைத்துக்கொள்கிறேன். சித்த, ஆயுர்வேத மரபுகளில் கொழிஞ்சி வேர் கல்லீரல், மண்ணீரல் வீக்கம், வயிற்றுவலி, செரியாமை, வயிற்றுப் புழு ஆகியவற்றுக்குச் சொல்லப்பட்டுள்ளது. ஆய்வகத்தில் எலிகளில் செய்த சோதனைகளில் கல்லீரலைப் பாதுகாக்கும் தன்மை தெரியவந்துள்ளது. எலியில் கண்ட பயனை மனிதருக்கு உறுதியான மருத்துவமாகச் சொல்லிவிட முடியாது.

வேரை எடுக்க விரும்புபவர்கள் சாலையோரம், களைக்கொல்லி தெளித்த வரப்பு, தொழிற்சாலைக் கழிவுநீர் ஓடும் வாய்க்கால் ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டை சூழ்ந்த பகுதியில் இது முதல் விதி. மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது முற்றிய செடியை வேரோடு பிடுங்கி, வேரை மட்டும் நறுக்கி, மண் போகப் பல முறை கழுவி, நிழலில் நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத கண்ணாடிப் பாட்டிலில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டி வைக்கலாம். குடிநீர், அதாவது கசாயம், செய்வதானால் உலர்ந்த வேரை ஒன்றிரண்டாக இடித்து, நீரில் இட்டு, நான்கில் ஒன்றாக வற்றும் வரை சிறுதீயில் காய்ச்சி வடிகட்டுவது வழக்கம். செரியாமைக்கு வேர்ப்பொடியை மோரில் கலந்து கொடுப்பதும் உண்டு. எவ்வளவு, எத்தனை நாள் என்பதைப் பதிவு பெற்ற சித்த மருத்துவர் நோயாளியைப் பார்த்த பிறகு சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் அதை இலவசமாகவே கேட்டறியலாம். கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், ஏற்கெனவே சர்க்கரை நோய்க்கோ காசநோய்க்கோ மாத்திரை உண்பவர்கள் தாமாக இதை உட்கொள்ளவே கூடாது.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. கொழிஞ்சி இனச் செடிகளில் ரோட்டினாய்டு என்னும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன; செடியை நசுக்கிக் குட்டையில் கலக்கி மீனை மயங்கவைக்கும் பழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கிறது. ஆகவே மீன் வளர்க்கும் குட்டையிலோ, இறால் பண்ணைக்குப் போகும் வாய்க்காலிலோ கொழிஞ்சித் தழையை ஊறப்போடக் கூடாது. வெட்டிய தழையைத் தீவனத்துடன் கலந்து மாட்டுக்குத் திணிப்பதும் வேண்டாம்.

மஞ்சள் காமாலைக்கு வேரைத் தேடி வருபவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கண் மஞ்சளிப்பது ஒரு நோயின் அறிகுறியே தவிர அதுவே நோய் அன்று. கிருமித் தொற்று, பித்தப்பைக் கல், குடிப்பழக்கம் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் எலிக்காய்ச்சல் நெல் வயலில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு நெருக்கமானது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து கால் வெடிப்பு, புண் வழியாக உடலில் ஏறும் அந்தக் கிருமி, காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று தொடங்கி, சிலருக்குக் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்புமாக முற்றும். ஆரம்பத்திலேயே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால் குணமாகக்கூடிய நோய் அது. நடவுக் காலத்தில் காய்ச்சலோடு கண் மஞ்சளித்தால், வேரை இடித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே கடலூர் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ போய், வயலில் இறங்கி வேலை செய்ததையும் மருத்துவரிடம் சொல்லி, இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

விதை சேகரிப்பைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். காய்கள் பழுப்பாகி உலர்ந்ததும் வெயில் ஏற ஏற முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைச் சிதறிவிடும். அதனால் பனி ஈரம் காயாத காலையில் கிளையோடு அறுத்து, தார்ப்பாயில் பரப்பி, மேலே ஒரு மெல்லிய துணியை மூடி வெயிலில் விட்டால், காய் தானே வெடித்து விதை பாயிலேயே உதிரும். புடைத்து எடுத்த விதையைச் சாக்கில் கட்டி உலர்ந்த இடத்தில் வைத்தால், தோலின் கடினத்தால் நீண்ட நாள் கெடாமல் இருக்கும். வரப்போரத்துச் செடிகளில் சிலவற்றை அறுக்காமல் விட்டுவிடுங்கள். அவற்றிலிருந்து வயலில் சிதறும் விதைகள் எல்லாம் ஒரே ஆண்டில் முளைப்பதில்லை. சில இவ்வாண்டு, சில அடுத்த ஆண்டு, சில அதற்கும் பிறகு என்று தோல் இளக இளக முளைத்து வருவதால், ஒரு முறை நிலைகொண்ட வயலில் மறுவிதைப்புக்கு அதிகம் செலவிட நேராது.