நடக்காத வரலாற்றுக்கு ஒரு போர் விமானம் வரைவது எப்படி?

கற்பனைப் போர் விமானம் வரைய உட்காருகிறவர்கள் எடுத்த எடுப்பில் இறக்கையின்கீழ் ஏவுகணைகளைத் தொங்கவிடுகிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். உண்மை வரலாற்றில் ஒரே ஒரு முடிவை மாற்றுங்கள். அதனால் எது மாறுமோ அதை மட்டும் வரையுங்கள். இங்கே நான் எடுத்துக்கொள்வது எச்.எஃப்-24 மாருத். ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் பெங்களூரில் எச்.ஏ.எல். என்ற இந்திய விமானத் தயாரிப்பு நிறுவனத்துக்காக வடிவமைத்த இரட்டை எஞ்சின் போர் விமானம். முதலில் பறந்தது 1961 ஜூன் 17 அன்று.

படி 1: எதை மாற்றுகிறோம்?

ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். மாருத்தின் உடல் ஆர்ஃபியஸ் 12 என்ற எஞ்சினை நம்பி வரையப்பட்டது. ஆஃப்டர்பர்னரோடு (வெளியேறும் வாயுவில் மறுபடி எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு) இரு எஞ்சின்களில் ஒவ்வொன்றும் சுமார் 36 கிலோநியூட்டன் உந்துவிசை தரவேண்டும். அந்த எஞ்சின் உருவாக்கத்துக்குப் பணம் போட பிரிட்டனும் முன்வரவில்லை, இந்தியாவும் முன்வரவில்லை. கடைசியில் பொருத்தியது 21.6 கிலோநியூட்டன் தரும் ஆர்ஃபியஸ் 703. ஒலியைப் போல இரு மடங்கு வேகத்துக்குத் திட்டமிட்ட விமானம் ஒலிவேகத்தை எட்டவே திணறியது. நம் வரி: ‘இந்தியா பணம் போட்டது, ஆர்ஃபியஸ் 12 வந்தது.’

படி 2: அடிப்படைக் கோட்டுப்படம்

இங்க்ஸ்கேப் என்ற கோட்டுப்பட மென்பொருள் போதும், இலவசம். முப்பரிமாண மென்பொருளெல்லாம் தொடக்கத்தில் வேண்டாம். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கும் படத்தில் சக்கரம் மடங்கவேண்டிய இடத்தில் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். அதை நான் தொடுவதே இல்லை.

முப்பக்க வரைபடத்தை (பக்கம், மேல், முன் என மூன்று கோணங்களில் வரைந்தது) அடியில் வைத்து அதன்மேல் கோடு போடுங்கள். புகைப்படத்தின்மேல் போடாதீர்கள், அருகிலிருந்து எடுத்த படத்தில் மூக்கு பெருத்து வால் சிறுத்திருக்கும். நீளம் 15.87 மீட்டர், 1/72 அளவில் 220 மில்லிமீட்டர்.

(பிறகு சேர்த்தது: அளவை மாற்றினால் கோடுகள் தடித்துவிடுகின்றன என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். தேர்வுக் கருவியின் பட்டையில், கோட்டின் தடிமனும் சேர்ந்து மாறும்படி செய்யும் பொத்தான் இருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள்.)

படி 3: விளைவுகளைத் துரத்துவது

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். எஞ்சின் பெரிதானால் காற்று உள்வாயும் பெரிதாகவேண்டும் என்று கை தானாகப் போகும். ஒன்றரை மடங்கு காற்று வேண்டுமென்றால் ஒன்றரை மடங்காக வேண்டியது உள்வாயின் பரப்பு. அகலமும் கூடவே பெருகும் என்பதால், பக்கவாட்டுப் படத்தில் தெரியும் உயரம் 1.22 மடங்கு ஆனால் போதும். அதற்குமேல் போனால் தவளை வாய்தான். மாருத்தின் உடலோ முதலிலிருந்தே ஆர்ஃபியஸ் 12-க்காக வரையப்பட்டது; ஆகவே நம் படத்தில் உள்வாயைத் தொடவே வேண்டாம்.

தொடவேண்டியது வால். ஆஃப்டர்பர்னர் குழாய்க்கு நீளம் வேண்டும், வெளிவாய்க்கு அகலம் வேண்டும். பின்னாளில் 703 எஞ்சினுக்கே ஆஃப்டர்பர்னர் பொருத்திப் பார்த்தபோது, மாற்றியமைத்த பின்புறத்தில் எழுந்த காற்றின் இழுவை கூடுதல் உந்துவிசையைத் தின்றுவிட்டது. எனவே இரு வெளிவாய்களுக்கும் நடுவே தட்டையான சுவரை விடாதீர்கள். உடல் கூர்மையாக ஒடுங்கி முடியட்டும்.

அடுத்தது எரிபொருள். ஆஃப்டர்பர்னர் எண்ணெயைக் குடித்துத் தீர்க்கும். இறக்கைகளின்கீழ் ஆயுதம் மாட்டும் இடங்கள் நான்குதான். இரண்டில் வெளித்தொட்டி ஏறிவிடும். மிச்சம் இரண்டு. எட்டு ஏவுகணைக் கனவு இங்கேயே முடிந்தது. மூக்கில் நான்கு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள் இருக்கின்றன, கவலை வேண்டாம்.

படி 4: நிறமும் சின்னமும்

வேகமான மாருத் கையிலிருந்தால் சோவியத் போர் விமானமான மிக்-21-ஐ வாங்கும் அவசரம் குறைந்திருக்கும். அப்படியானால் 1965-இல் மிக்-21 செய்த வேலை இதனுடையது. அதைப் போலவே வண்ணம் பூசாத வெள்ளி உடல். விமானப்படை வட்டத்தில் வெளியே காவி, நடுவே பச்சை. மாற்றிப் போட்ட படங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கப்பல் வரைகிறவர்களுக்கு

‘போர்க்கப்பலுக்கும் இதே வழியா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், தொடங்குவதற்கு ஜப்பானின் அமாகி நல்ல கப்பல்; போர்க்கப்பலாகக் கட்டத் தொடங்கி முடிக்கப்படாமல் போனது. 1922 வாஷிங்டன் ஒப்பந்தப்படி ஜப்பான் அமாகி, அகாகி இரண்டையும் விமானந்தாங்கிகளாக மாற்றவிருந்தது. 1923 செப்டம்பர் நிலநடுக்கத்தில் யோகோசுகாவில் அமாகியின் உடல் சிதைந்துபோக, உடைக்கவிருந்த காகா என்ற இன்னொரு போர்க்கப்பல் அதன் இடத்துக்கு வந்தது. நிலநடுக்கத்தை நீக்கிவிடுங்கள்: காகா இல்லை, அகாகிக்கு வேகத்தில் ஈடான ஒரு சகோதரிக் கப்பல் உண்டு. ஆண்டை முதலில் முடிவுசெய்யுங்கள். அகாகி 1935-இல் மறுகட்டுமானத்துக்குப் போகும்வரை அதற்கு மூன்று அடுக்கு ஓடுதளம். 1938-இல் வெளியே வந்தபோது ஒன்றுதான். 1/700 அளவில் கப்பல் 372 மில்லிமீட்டர் வரும்; பக்கத்தை ஏ3-க்கு மாற்றிவிட்டு வரையத் தொடங்குங்கள்.