பழைய ரோடு சைக்கிளும் கழன்று விழுந்த செயினும்

வேலைக்குப் போய்வர 27 அங்குலச் சக்கரம் கொண்ட பழைய ஸ்டீல் ரோடு சைக்கிளை ஃபிக்ஸடு கியராக, அதாவது பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும்படி, மாற்றினேன். பின்சக்கர அச்சு உட்காரும் பிளவு அதில் கிடைமட்டமாக நீண்டிருக்கும். சக்கரத்தைப் பின்னால் இழுத்தாலே செயின் இறுகிவிடும். புது சைக்கிள்கள் பலவற்றில் பிளவு செங்குத்து. அந்த வசதி இல்லை.

பின் ஃபிரேமின் இடைவெளி 126 மி.மீ., வாங்கிய டிராக் ஹப் (ஃபிக்ஸடு கியருக்கான பின்சக்கர நடுப்பகுதி) 120. இருபுறமும் 3 மி.மீ. வாஷர் போட்டதும் சரியாக உட்கார்ந்தது. ஆனால் மூன்றாம் நாளே ஓட்டத்தில் செயின் கழன்றது. ஃபிக்ஸடில் இது விளையாட்டல்ல, சக்கரமே பூட்டிக்கொள்ளலாம். நல்லவேளை, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன்.

செயின் தளர்வுதான் காரணம் என்று இரண்டு முறை இறுக்கியும் பயனில்லை. பிறகுதான் ஸ்கேலை எடுத்தேன். சீட் குழாயின் பக்கவாட்டிலிருந்து முன்பல்வரை அளந்து, குழாயின் பாதி விட்டமான 14 மி.மீ.யைக் கூட்டினால், நடுக்கோட்டிலிருந்து முன்பல்லின் தூரம் 48 மி.மீ. வந்தது. பின்பல்லுக்கு அதே தூரம் 42தான். செயின் கோணலாக ஓடியிருக்கிறது! முன் பற்சக்கரத்தைக் கிராங்கின் (பெடல் மாட்டும் தண்டின்) வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கத்துக்கு மாற்றினேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்தன. செயினை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆடும்படி விட்டேன். அதற்குமேல் இறுக்கினால் பெடல் சுற்றும்போது முனகும்.

பின் பற்சக்கரம் கழன்றுவிடாமல் பிடிக்கும் இடதுமரை வளையமான லாக்ரிங்கை மறக்காமல் முறுக்கினேன். முன் பிரேக்கை மட்டும் கழற்றவில்லை. அழகுக்காகக் கழற்றுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.