கடற்கரை நாயை மலைக்குக் கூட்டிப் போகும்போது தவிர்க்க வேண்டிய பிழைகள்

வைகாசி பிறந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் எங்கள் வீட்டுக் கறுப்பி குளியலறைச் சீமெந்துத் தரையை விட்டு எழும்பமாட்டாள். திருகோணமலையில் நாய் வளர்க்கிற எல்லாரும் இதைப் பார்த்திருப்பீர்கள். பாவம், ஒருக்காவாவது குளிருக்குள் கொண்டுபோய் விடுவோம் என்று மனம் சொல்லும். சொந்த வாகனமோ தெரிந்தவரின் வானோ கிடைத்துவிட்டால் நாயையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்கு வெளிக்கிட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் போனேன். கூட்டிப் போவதில் பிழையில்லை. குளிர் எங்களுக்குச் சுகம் என்றால் அதற்கும் சுகம்தான் என்று எண்ணிக்கொண்டு ஆயத்தமில்லாமல் போவதுதான் பிழை.

முதலில் காலத்தைச் சொல்ல வேண்டும். எங்களை வறட்டுகிற கச்சான், தென்மேல் பருவக் காற்றின் கடைசித் துண்டு. மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி எங்கள் பக்கம் இறங்குகிறது. ஆகவே நாங்கள் வெந்துபோய் மலைக்கு ஓடுகிற அதே மாதங்களில் ஹற்றன், தலவாக்கலை, றம்பொடைப் பக்கம் ஈரம் சொட்டும். ஈரம் இருக்கிற இடத்தில் அட்டை இருக்கும். அந்தக் காலத்தில்தான் போக வேண்டுமென்றால் ஊவாப் பக்கத்தை யோசியுங்கள். பண்டாரவளையும் எல்லவும் அப்போது ஒப்பீட்டளவில் காய்ந்திருக்கும். 1000 மீற்றருக்கு மேலே இருப்பதால் இதமான குளிரும் உண்டு. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். தை, மாசியில் அங்கே சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும். எங்கள் ஊர் நாய்களுக்கு மயிர் கட்டை, உள்மயிர் மிகக் குறைவு. அந்தக் குளிரில் வெறும் சீமெந்தில் படுக்கவிட்டால் இரவு முழுக்க நடுங்கும். வீட்டில் அது படுக்கிற பழைய சாக்கு, போர்வையையே கொண்டுபோங்கள். பழகிய மணம் இருந்தால் புது இடத்தில் நாய் சீக்கிரம் அடங்கும். நனைந்து வந்தால் அந்தக் கணமே துவட்டிவிடுங்கள். ஏப்ரல் மாதத்து வசந்த காலக் கொண்டாட்டம் நடக்கும்போது நாயோடு நுவரெலியாவுக்குப் போகவே வேண்டாம் என்பது என் முடிவு. சனம், வாகனம், ஒலிபெருக்கி, வெடி, வாவிக்கரையில் குதிரைகள் என்று எல்லாம் சேர்ந்தால் நாய் பயந்து அறுத்துக்கொண்டு ஓடும்.

அடுத்தது பாதை. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று போய் கம்பளை வழியாக ஏறினால் ஏறக்குறைய 260 கிலோமீற்றர். ஏழெட்டு மணித்தியாலம் பிடிக்கும். வெளிக்கிட முன் வயிறு நிறையச் சோறும் மீனும் வைப்பதுதான் எல்லாரும் விடும் பிழை. புசல்லாவைக்குப் பிறகு வருகிற வளைவுகளில் அது அத்தனையையும் சத்தி எடுத்துவிடும். நான்கைந்து மணித்தியாலத்துக்கு முன் கொஞ்சம் கொடுத்தால் போதும். வழியில் தண்ணீர் மட்டும் அடிக்கடி வையுங்கள். சத்தி நிற்கட்டும், காய்ச்சல் குறையட்டும் என்று மனிதருக்கான குளிசையை உடைத்துக் கொடுக்காதீர்கள். பரசிற்றமோல் நாயின் ஈரலைப் பழுதாக்கும். பயணத்துக்கு மருந்து தேவையென்றால் நாயின் நிறையைப் பார்த்து மிருக வைத்தியர் தரவேண்டும்.

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் நாயை மூத்திரம் பெய்ய இறக்காதீர்கள். அது யானை கடக்கிற காட்டுப் பாதை. எங்கள் பட்டினத்தில் மான்கள் தெருவில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த நாய்க்குக் காட்டு மிருகம் என்றால் பயம் இருக்காது. யானையைக் கண்டு குரைத்துவிட்டு உங்கள் காலடிக்கு ஓடிவரும். யானையும் பின்னால் வரும்.

தம்புள்ளையில் சாப்பிட இறங்கும்போது, “கண்ணாடியைக் கொஞ்சம் திறந்துவிட்டால் போதும்” என்று சொல்வார்கள். போதாது. வெளியே 21 பாகை இருந்தாலே பூட்டிய வாகனத்துக்குள் பத்து நிமிடத்தில் 30 தாண்டிவிடும். தம்புள்ளை வெயிலில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். பக் மாதிரி மூக்குச் சப்பையான நாய்க்கு அதுவும் சரியாக ஏலாது. ஒருவர் நாயோடு மரநிழலில் நிற்க, மற்றவர்கள் முறைவைத்துச் சாப்பிடுங்கள்.

இனி, நான் அதிகம் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். தேயிலைத் தோட்டத்தைப் பார்த்ததும் நாயின் கயிற்றை அவிழ்த்துவிடுகிறோம். நிலாவெளி மணலில் ஓடுகிற மாதிரி இங்கேயும் ஓடட்டும் என்ற ஆசை. தேயிலைப் பற்றைக்குள் மூன்றடி உள்ளே போன நாய் கண்ணுக்குத் தெரியாது. நிரைகளுக்கு நடுவே கான் வெட்டியிருக்கும், விழுந்தால் கால் முறியும். களைநாசினி அடித்த புல்லை அது மெல்லக்கூடும். மரக்கறித் தோட்டங்களிலும் அதே கதைதான். எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து சுருக்குக் கம்பி. காட்டுப்பன்றிக்கு என்று தோட்டத்து ஓரங்களில் வைக்கிற கம்பியில் சிறுத்தைகள் சிக்கிச் சாகின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படிச் சிக்கி, மீட்கப்பட்டு, சில நாளில் இறந்துபோனது. அவ்வளவு பலமுள்ள மிருகத்தால் பிய்க்க முடியாத கம்பி, உங்கள் நாயின் கழுத்தில் என்ன செய்யும்?

சிறுத்தைக்கு நாய் இரையும்கூட. நாங்கள் தங்கிய இடத்துக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்த ஒரு அக்கா, கறுப்பி வராந்தாவில் படுத்திருப்பதைக் கண்டு மேலே ஏறிவந்து சொன்னார்: “தம்பி, நாய உள்ளுக்குப் போட்டுக் கதவ சாத்துங்க. ராத்திரி புலி வரும். எங்க நாய் ரெண்டையும் தூக்கிருச்சு.” தோட்டத்தில் புலி என்றால் சிறுத்தை. அந்த அக்கா வந்திருக்காவிட்டால் கறுப்பி வெளியேதான் படுத்திருப்பாள். இருட்டின பிறகு நாய் அறைக்குள் இருக்க வேண்டும். இரவில் மூத்திரத்துக்கு இறக்கினாலும் கட்டை வாரில் பிடித்து, டோர்ச் அடித்து, வாசலோடு திரும்பிவிடுங்கள். கழுத்துப் பட்டியை விட நெஞ்சோடு கட்டுகிற பட்டிதான் நல்லது. பயந்து பின்னுக்கு இழுத்தாலும் லேசில் கழராது.

ஆகவே, விடுதியை ஒழுங்குபண்ணும்போது “நாய் கொண்டுவரலாமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு விடாதீர்கள். நாங்கள் கேட்டபோது “பிரச்சினையில்லை” என்றார்கள். போன பிறகு, தோட்டத்து மூலையில் ஒரு கூட்டைக் காட்டினார்கள். நாய் எங்களோடு அறைக்குள் படுக்கலாமா, மதில் இருக்கிறதா, வளவில் வேறு நாய்கள் அவிழ்ந்து திரிகிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. அங்கே உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறையைப் பார்க்கப் போகிற நாளில் நாயோடு விடுதியில் யார் நிற்பது என்பதை வீட்டிலேயே பேசி முடிவெடுங்கள்.

அட்டை விஷயத்தில் நான் விட்ட பிழையையும் சொல்கிறேன். கால் விரல் இடுக்கு, காது, வயிறு எல்லாம் பார்த்தேன், மூக்கைப் பார்க்கவில்லை. ஊருக்குத் திரும்பி மூன்றாம் நாள் கறுப்பி விடாமல் தும்மினாள். ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் இரத்தம் வந்தது. உள்ளே அட்டை. ஈரப் புல்லை முகரும்போதும் ஓடைத் தண்ணீர் குடிக்கும்போதும் அது ஏறிவிடும். இரத்தத்தை உறையவிடாத பொருளை அட்டை செலுத்துவதால் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கசியும், அதைக் கண்டு பதற வேண்டாம். தோலில் கடித்திருந்தால் நகத்தால் வாய்ப்பக்கத்தை மெல்ல நெம்பி எடுங்கள். மூக்குக்குள் உப்போ தேசிக்காய்ச் சாறோ விடாதீர்கள், இழுக்கவும் பார்க்காதீர்கள். மிருக வைத்தியரிடம் போங்கள். போகிற வழியில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை போதனா வைத்தியசாலை இருப்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விசர்நாய்த் தடுப்பூசியும், பார்வோ என்கிற வைரஸ் நோய்க்கானது உட்பட மற்ற ஊசிகளும் திகதி தவறாமல் இருக்க வேண்டும். முதல் நாள் போட்டுவிட்டு மறுநாள் வெளிக்கிடுவதில் பயனில்லை, ஊசி வேலை செய்ய இரண்டு கிழமையாவது வேண்டும். ஊசி போட்ட பதிவுப் புத்தகம் வாகனத்திலேயே இருக்கட்டும். நாய் யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது அந்தப் பதிவுப் புத்தகமும் கூடப் போக வேண்டும்.

சாப்பாட்டில், கொத்து ரொட்டியின் மிச்சத்தை வைக்காதீர்கள். அதிலுள்ள வெங்காயமும் லீக்ஸும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். பிள்ளைகள் சாப்பிடுகிற சொக்கலேற்றும் முந்திரிகை வத்தலும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

திரும்பிவருவதையும் பயணத்தோடு சேர்த்து எண்ணுங்கள். நாலு நாள் குளிரில் இருந்துவிட்டு நடு மத்தியானத்தில் கச்சானுக்குள் இறக்கி, நேரே உப்புவெளிக் கரைக்கு ஓடக் கூட்டிப் போகாதீர்கள். பின்னேரம் ஊர் சேருகிற மாதிரி வெளிக்கிட்டு, இரண்டொரு நாள் விடியலிலும் பொழுதுபட்ட பிறகும் மட்டும் நடத்துங்கள். மலையில் உண்ணி கடித்திருந்தால், உண்ணிக் காய்ச்சல் தெரிய ஒன்றிலிருந்து மூன்று கிழமை எடுக்கும். அதற்குள் சாப்பாட்டை மறுத்தால், முரசு வெளிறினால், மூத்திரம் கறுத்துப் போனால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டி, மலைக்குப் போய்வந்ததையும் சொல்லுங்கள்.