மெதுவாகப் போகும்போது வெட்டி வெட்டி ஓடும் பிஎம்டபிள்யூ பாக்ஸர்: வீட்டிலேயே சரிசெய்யும் முறை

பிஎம்டபிள்யூ ஆர்1100, ஆர்1150 வண்டிகளில் 3,000 ஆர்பிஎம் பக்கம் ஆக்ஸிலேட்டரை அசைக்காமல் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்து இழுத்து விடுவதுபோல் வண்டி ஆடும். முறுக்கினால் சரியாகிவிடும். இன்ஜெக்டர் போய்விட்டது, கம்ப்யூட்டர் போய்விட்டது என்று பணத்தைக் கொட்டும் முன் இதைப் படியுங்கள். பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. இரண்டு சிலிண்டரும் சமமாக மூச்சு விடவில்லை, அவ்வளவுதான்.

பாக்ஸர் எஞ்சினில் பக்கத்துக்கு ஒரு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனி த்ராட்டில் பாடி (காற்றை உள்ளே விடும் கதவு உள்ள பகுதி). ஆனால் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார் இடது பக்கம் மட்டும்தான். புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் லாம்டா சென்சாரும் ஒன்றுதான். இரண்டு பக்கப் புகையும் கலந்த பிறகே அது பார்க்கிறது. வலது த்ராட்டில் மயிரிழை குறைவாகத் திறந்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, இரண்டு பக்கமும் ஒரே அளவு பெட்ரோல் அடிக்கும். முழுதாகத் திறந்த த்ராட்டிலில் அந்த மயிரிழை ஒரு பொருட்டில்லை. லேசாகத் திறந்திருக்கும்போது அதுவே பெரிய பங்கு. போதாததற்கு, புகை விதிகளுக்காகக் கம்பெனியே கலவையில் பெட்ரோலைச் சிக்கனமாக வைத்திருக்கிறது. 2003 முதல் சிலிண்டருக்கு இரண்டு ப்ளக்குடன் வந்த ஆர்1150களில் இந்தத் தொல்லை குறைவு.

வேலையின் வரிசை முக்கியம்: டேப்பெட் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் என்ற கைக்கும் நடுவே உள்ள இடைவெளி), ப்ளக், காற்றுக் கசிவு, கடைசியில்தான் த்ராட்டில் சமன். டேப்பெட்டைப் பார்க்காமல் த்ராட்டிலைத் திருகினால் ஒரு கோளாறை இன்னொன்றால் மூடிவைக்கிறீர்கள்.

1. டேப்பெட்

எஞ்சின் 35 டிகிரிக்குக் கீழே ஆறியிருக்க வேண்டும். நம் ஊர் மே மாதம் என்றால் விடியற்காலையிலேயே உட்காருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ப்ளக்குகளைக் கழற்றி, அடியில் தட்டு வைத்து ஹெட் கவர்களைத் திறக்கவும். கொஞ்சம் ஆயில் கொட்டும். டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை ஓடும் திசையில் கையால் சுற்றுங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், வலது பக்கம் ஒரு ரப்பர் அடைப்பு இருக்கிறது. அதை எடுத்தால் ஓட்டைக்குள் ‘OT’ என்ற குறி வந்து நிற்பது தெரியும். அப்போது ஒரு பக்கத்து ராக்கர்கள் விரலால் ஆட்டினால் ஆடும். அந்தப் பக்கத்தைத்தான் இப்போது செட் செய்ய வேண்டும். இன்னொரு பக்கத்துக்கு சக்கரத்தைச் சுற்றி மறுபடி குறிக்குக் கொண்டு வாருங்கள்.

பின்பக்கம், அதாவது த்ராட்டில் பாடி பக்கம் இருப்பவை இன்டேக் வால்வுகள்: 0.15 மி.மீ. முன்பக்கம் எக்ஸாஸ்ட்: 0.30 மி.மீ. புதிதாகச் செய்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: ஒரே ராக்கர் இரண்டு வால்வை அழுத்துகிறது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது மாறும். அதனால் ஒரே அளவு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இரண்டு வாங்கி, இரண்டு வால்விலும் ஒரே நேரத்தில் செருகுங்கள். தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும்; வழுக்கவும் கூடாது, சிக்கவும் கூடாது. லாக்நட்டை 8 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, மறுபடி தகட்டை விட்டுப் பாருங்கள். இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பியிருக்கும்.

2. ப்ளக், கசிவு

ப்ளக் இடைவெளி 0.8 மி.மீ. த்ராட்டில் பாடிக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு, கிளாம்ப் லூஸ், த்ராட்டில் பாடியில் கேஜ் மாட்டுவதற்காக உள்ள வேக்கம் முனையின் ரப்பர் மூடியில் கீறல் ஆகியவற்றைப் பாருங்கள். அழுக்கு ஏர் ஃபில்டரை மாற்றிவிடுங்கள்.

3. த்ராட்டில் சமன்

வேக்கம் கேஜ் இல்லாவிட்டால் 6 மீட்டர் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபை ஒரு பலகையில் யு வடிவில் கட்டி, அடியில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றினால் போதும், துல்லியமாகக் காட்டும். தண்ணீர் வேண்டாம். வித்தியாசம் அதிகமாக இருந்தால் எஞ்சின் அதை உள்ளே இழுத்துவிடும்.

முதலில் த்ராட்டில் பாடிகளில் உள்ள பித்தளைக் காற்று ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கரியைத் துடையுங்கள். மென்மையாக முட்டும்வரை உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். கேபிள்களில் அரை மி.மீ. தளர்வு இருக்கட்டும். சோக் கேபிளிலும் தளர்வு வேண்டும். அது இறுகியிருந்தால் த்ராட்டில் முழுதாக மூடாது. பெயின்ட் அடித்து சீல் வைத்த ஸ்டாப் ஸ்க்ரூவையும், இடது பக்க சென்சாரையும் தொடாதீர்கள். அவற்றை ஒருமுறை கலைத்தால் மீட்டர் வைத்து அளந்து பழைய நிலைக்குக் கொண்டுவருவது தனி வேலை.

15 நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு வந்து டியூபின் இரு முனைகளையும், ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்க வேக்கம் முனைகளில் மாட்டுங்கள். எதிரே பெரிய ஃபேன் கட்டாயம். இது காற்றாலும் ஆயிலாலும் ஆறும் எஞ்சின். நின்ற இடத்தில் ஓடினால் சைலன்சர் பைப் சிவந்து, ஆயில் பார்க்கும் கண்ணாடிகூடப் பிதுங்கி வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடவிடாமல் நிறுத்தி ஆறவிட்டுத் தொடருங்கள்.

ஐடிலில் ஆயில் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் காற்று குறைவு. அந்தப் பித்தளை ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாக வெளியே திருப்புங்கள். இரண்டு மட்டமும் ஒன்றாகி, ஐடில் 1,050 முதல் 1,150க்குள் நிற்க வேண்டும். அடுத்து 2,500 வரை ஏற்றிப் பிடியுங்கள். இங்கே ஸ்க்ரூவைத் தொடக்கூடாது, வலது கேபிள் அட்ஜஸ்டரை மட்டும் திருப்புங்கள். நீங்கள் சரிசெய்ய வந்த குலுக்கல் இருப்பது இந்த ஆர்பிஎம்மை ஒட்டித்தான். ஐடிலைப் பார்த்ததோடு முடித்துக்கொள்பவர்களுக்குக் குலுக்கல் அப்படியே இருப்பதற்குக் காரணமும் இதுதான். லாக்நட்டை இறுக்கியதும் மட்டம் மாறும், அதனால் மறுபடி பாருங்கள். பிறகு ஐடிலையும் ஒருமுறை.

ரப்பர் மூடிகளை மாட்டிவிட்டு, எஞ்சின் ஐடிலில் ஓடும்போதே ஹேண்டில்பாரை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்புங்கள். ஆர்பிஎம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அதைச் சரிசெய்யாமல் ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.