சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சேருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினைந்து, இருபது பேர் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனங்கள் கோவையில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கீழே நகலகம், மேலே பல் மருத்துவர், நடுத்தளத்தில் கம்பெனி. இந்த வகை இடங்களின் பக்கம் நிற்பவன் நான். சேர்ந்த சில மாதங்களிலேயே நீங்கள் எழுதிய நிரலை வைத்து யாரோ ஒரு கடைக்காரர் பில் போட்டுக்கொண்டிருப்பார்; பிழை வந்தால் நேராக உங்களையே அழைத்துத் திட்டுவார். பெரிய நிறுவனத்தில் வேலை ஒதுக்கப்படாமல் காத்திருக்கும் வகுப்புத் தோழனுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. ஆனால் அங்கே தனித்தனித் துறைகள் பார்த்துக்கொள்ளும் காரியங்களை இங்கே பார்க்க ஆளில்லை. மனிதவளத் துறை என்பது வாரத்துக்கு இரண்டு நாள் வந்து போகும் கணக்கர்தான். எனவே பலதும் வாய்ப்பேச்சிலேயே ஓடும். தவறுகளும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலாளியை எல்லோரும் ‘அண்ணா’ என்று கூப்பிடும் அலுவலகத்தில் சம்பளக் கணக்கை எழுத்தில் கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். கேட்டாலும், “நம்ம கம்பெனிதானே தம்பி, பேப்பர் எதற்கு?” என்று சிரித்துக்கொண்டே பதில் வரும். அவர் நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் ஆண்டுக்கு இவ்வளவு என்று சொல்லப்படும் தொகையில் எது கைக்கு வரும், எது பிடித்தம், எது ‘போனஸ்’ என்ற பெயரில் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்பதைப் பிரித்து எழுதிய கடிதம் இல்லாமல் சேரக்கூடாது.

வருங்கால வைப்பு நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் பி.எஃப். கட்டாயம். அடிப்படை ஊதியத்தை 15,000 ரூபாயாக வைத்து 12 சதவீதம் கணக்கிட்டால் உங்கள் பங்கு மாதம் 1,800 ரூபாய், நிறுவனத்தின் பங்கும் அதே அளவு. பெரும்பாலான சிறு நிறுவனங்கள் இந்த இரண்டையுமே உங்களுக்குச் சொன்ன ஆண்டுத் தொகைக்குள் அடக்கிவிடுகின்றன. பேசிய தொகைக்கும் வங்கிக்கு வரும் தொகைக்கும் இடையில் மாதம் 3,600 ரூபாய் இடைவெளி இருப்பதைக் கண்டு முதல் மாதம் திகைக்கிறவர்கள் நிறைய.

இதைவிடப் பெரிய தவறு, சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டியிருக்கிறார்களே என்று நிம்மதியாக இருந்துவிடுவது. சீட்டை அச்சிடுவது அவர்கள். பணம் போய்ச் சேர்ந்ததா என்பதை யூ.ஏ.என். எனப்படும் உங்கள் பி.எஃப். கணக்கு எண்ணைக் கொண்டு இணையத்திலுள்ள பாஸ்புக்கில் நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று எண்கள் இருக்கும்: உங்கள் பங்கு 1,800, நிறுவனத்தின் பங்கில் 550, ஓய்வூதியக் கணக்குக்குப் போகும் 1,250. வரிசையாக இரண்டு மூன்று மாதங்கள் காணவில்லை என்றால் கம்பெனியில் பணத்தட்டுப்பாடு என்று எடுத்துக்கொள்ளலாம். என் அனுபவத்தில் சம்பளம் தள்ளிப்போவதற்கு முன்பே பி.எஃப். நின்றுவிடும், அதைக் கேட்க ஆள் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும்.

பி.எஃப். தொல்லையே வேண்டாம் என்று ஊழியர்களை ‘ஆலோசகர்’ என்று சேர்க்கும் வழக்கமும் உண்டு. காலை ஒன்பதரைக்கு வரவேண்டும், விடுப்புக்கு அனுமதி கேட்கவேண்டும், ஆனால் பெயர் மட்டும் ஆலோசகர். சம்பளத்தில் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். கையில் கூடுதலாக வருவதுபோல் தோன்றும், பி.எஃப். கிடையாது, பணிக்கொடை கிடையாது, வீட்டுக்கடன் கேட்டுப் போனால் வங்கி அதிகாரி முகத்தைச் சுளிப்பார். சேருவதற்கு முன் இந்த ஒன்றையாவது தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

பங்கு தருவதாகச் சொல்வது இப்போதைய நாகரிகம். “கம்பெனி வளர்ந்தால் உனக்கும் பங்கு உண்டு” என்ற வாக்கியத்துக்கு, பங்குதாரர்களின் தீர்மானமும் உங்கள் பெயரில் ஒதுக்கீட்டுக் கடிதமும் இல்லாதவரை ஒரு காசு மதிப்பும் இல்லை. கடிதம் வந்தாலும் முதல் ஓராண்டு முடியாமல் எதுவும் உங்களுடையதாகாது, சட்டமே அப்படித்தான். பிறகு, பங்கை வாங்கிக்கொள்ளக் கடிதம் தந்த உரிமையைப் பயன்படுத்திப் பங்காக மாற்றும்போது, விற்று ஒரு ரூபாய்கூடப் பார்க்காத நிலையிலும் அது சம்பள வருமானமாகக் கருதப்பட்டு வரி வரும். பட்டியலிடப்படாத நிறுவனத்தின் பங்கை வாங்க ஆள் தேடுவதும் எளிதல்ல. இதை நம்பிச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்வதாக இருந்தால், அந்தப் பணம் திரும்ப வராது என்று எண்ணிக்கொண்டே செய்யுங்கள்.

அசல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுக்காதீர்கள். இதற்கு விளக்கமே தேவையில்லை.

இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு விலக மாட்டேன் என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் இடங்களில் இருவிதமான தவறு நடக்கிறது. ஒரு சாரார் அடிமைச் சாசனம் என்று அஞ்சுகிறார்கள். மற்றவர்கள் நீதிமன்றத்தில் செல்லாது என்று அலட்சியமாகக் கையெழுத்திடுகிறார்கள். வேலையை விட்ட பின் போட்டி நிறுவனத்தில் சேரவே கூடாது என்ற நிபந்தனை, 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் குறிப்பிட்ட காலம் வேலை செய்கிறேன், இல்லாவிட்டால் இவ்வளவு தருகிறேன் என்பது வேறு. ஒரு பொதுத்துறை வங்கியின் மூன்றாண்டு நிபந்தனையையும் 2 லட்சம் ரூபாய் இழப்பீட்டையும் 2025-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. சிறு நிறுவனத்தின் பத்திரத்துக்கும் அதே முடிவு வரும் என்று சொல்ல முடியாது. தொகை நியாயமானதா, பயிற்சிக்கு உண்மையில் செலவு செய்தார்களா என்ற கேள்விகள் எழும். படித்துப் பார்த்து, தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுவதில் தவறில்லை.

இனி வேலை. சர்வரின் கடவுச்சொல் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பதும், இணைய முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் எப்போதோ விலகிப் போனவரின் பெட்டிக்குப் போவதும் சின்ன நிறுவனங்களில் சாதாரணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தளம் காணாமல் போகும். திங்கட்கிழமை முழுவதும் பழைய ஊழியரைத் தேடுவதில் கழியும். இவையெல்லாம் யார் கையில் இருக்கின்றன என்று புதிதாகச் சேர்ந்தவர் முதல் மாதத்திலேயே கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஓராண்டு கழித்துக் கேட்டால், இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்பார்கள்.

பேக்கப் எடுக்கிறோம் என்ற நம்பிக்கை அதைவிட ஆபத்தானது. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையச் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை ஒவ்வொரு புதியவரும் படிக்க வேண்டும். இரவில் களைத்துப் போயிருந்த பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் இருப்பதாக எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழிக்கத் தொடங்கினார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி-யில் 4.5 ஜிபி-தான் மிச்சம். பேக்கப்பைத் தேடினால் சேமிப்பிடம் காலி. பேக்கப் எடுக்கும் மென்பொருள் பழைய பதிப்பாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் சேர வேண்டிய இடத்தைச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. ஆறு மணி நேரத்துக்கு முன்பு அதே பொறியாளர் வேறொரு காரணத்துக்காக எடுத்துவைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த நிறுவனம் எதையும் மறைக்காமல் முழுவதையும் வெளியிட்டதால் நமக்கு இவ்வளவு விவரம் தெரிகிறது. உங்கள் அலுவலகத்தில் கேட்க வேண்டியது, பேக்கப்பிலிருந்து தரவை மீட்டு ஓட்டிப் பார்த்தது கடைசியாக எப்போது என்பதைத்தான்.

கிளையன்டுக்கு வாட்ஸ்அப்பில் நேரடியாகச் ‘சரி’ என்று பதில் போடுவது இன்னொரு வழுக்குமரம். அவர் கேட்பது சின்ன மாற்றமாகத்தான் இருக்கும். மாதக் கடைசியில் பார்த்தால் விலைப்பட்டியலில் ஏறாத இருபது சின்ன மாற்றங்கள் சேர்ந்திருக்கும், வார இறுதிகள் காணாமல் போயிருக்கும். “சாரிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்ற ஒற்றை வரி போதும்.

அடுத்த வேலைக்குக் காட்ட வேண்டும் என்று அலுவலக நிரலை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் தங்கள் சொந்தக் கணக்கில் ஏற்றுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வேலையின் பகுதியாக எழுதிய நிரலின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி நிறுவனத்துக்கே. அதோடு மேகக் கணினிச் சாவி, அதாவது கம்பெனி வாடகைக்கு எடுத்த சர்வர்களைத் திறக்கும் ரகசியக் குறியீடு ஏதாவது உள்ளே இருந்துவிட்டால், பொதுவெளியில் வந்த சில நிமிடங்களிலேயே தானியங்கி நிரல்கள் அதை எடுத்துவிடும். யாரோ அதைப் பயன்படுத்தியதற்கான பில் கம்பெனி பெயரில் வரும். காட்ட வேண்டியது வேண்டுமானால் சொந்தமாக ஒரு சின்னத் திட்டம் எழுதுங்கள்.

விலகும்போது, கடைசி நாளுக்கு முன்பே பணிவிடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ், எல்லாச் சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை வாங்கிச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். சின்ன கம்பெனி மூடப்பட்டால் பிறகு கேட்பதற்கு முகவரிகூட இருக்காது. பி.எஃப். கணக்கில் விலகிய தேதியை நிறுவனம் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால், கடைசித் தவணை வந்து இரண்டு மாதங்கள் கழித்து யூ.ஏ.என். தளத்தில் நுழைந்து அதை நீங்களே பதிவு செய்துவிடலாம்.