கிளினிக்கா வீடா? பல்லை வெள்ளையாக்குறதுல தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி நெருங்கினாலோ கல்யாண சீசன் வந்தாலோ சிங்கப்பூர்ல எங்க பல் கிளினிக்குக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும், "டாக்டர், பல்லை வெள்ளையாக்குறதை கிளினிக்ல பண்ணா நல்லதா, வீட்ல பண்ணா நல்லதா, எது மலிவு, எது சீக்கிரம்?" கேக்குறவங்க ஒவ்வொரு வருஷமும் புது ஆளுங்க, ஆனா அவங்க பண்ணிட்டு வர்ற தவறு மட்டும் அதே பழைய தவறு. இந்த வருஷமும் அதையே பாத்துட்டிருக்கேன், அதான் எழுதி வச்சிரலாம்னு தோணுச்சு.

எலுமிச்சம்பழச் சாறு, சமையல் சோடா, கரித்தூள் பேஸ்ட் இதெல்லாம் பத்தி நான் நீட்டி எழுதப் போறதில்ல. புளிப்பு பல்லோட வெளிக்கவசமான எனாமலைக் கரைக்கும், கரித்தூள் அதைத் தேய்க்கும், போன எனாமல் திரும்ப வளராது, அதுக்கு அடியில டென்டின்னு இருக்கிற மஞ்சள் அடுக்குதான் இன்னும் பளிச்சுன்னு தெரியும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்.

ரெண்டும் வேற வேற மருந்துன்னு நினைக்கிறது

மருந்து ஒண்ணுதான். ஹைட்ரஜன் பெராக்சைடு. கிளினிக்ல நாங்க போடுற ஜெல் பொதுவா 25-லேர்ந்து 40 சதவீதம் வரைக்கும் ஸ்ட்ராங்கா இருக்கும், அதனாலதான் ஈறு மேல படாம இருக்க முதல்ல ஒரு ரப்பர் மாதிரி பூச்சு போட்டு, கன்னத்தை விலக்கிப் பிடிச்சு, கால் மணி நேரம் கால் மணி நேரமா மூணு தடவை வைக்கிறோம். வீட்டுக்குக் கொடுத்தனுப்புற ஜெல்ல பெரும்பாலும் இருக்கிறது கார்பமைடு பெராக்சைடு, அது வாய்க்குள்ள போனதும் உடைஞ்சு ஹைட்ரஜன் பெராக்சைடா மாறும். 10 சதவீத கார்பமைடுன்னா கிட்டத்தட்ட 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். ரெண்டு டப்பாவையும் பக்கத்துல வச்சு "இதுல 16, அதுல 6, அப்ப 16தான் ஸ்ட்ராங்கு"ன்னு சொல்றவங்க நிறைய பேர், ஆனா ஒண்ணு கார்பமைடு, இன்னொண்ணு ஹைட்ரஜன் பெராக்சைடுன்னா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வீரியம்தான். எந்தப் பேருக்குப் பக்கத்துல அந்த நம்பர் போட்டிருக்குன்னு பாருங்க.

ராத்திரி டிரேல, அதாவது பல்லு வரிசைக்கு அளவெடுத்துச் செய்ற மெல்லிசான பிளாஸ்டிக் உறைல, ஜெல் வச்சுத் தூங்குற முறை புதுசும் இல்ல, ஹேவுட், ஹேமன்னு ரெண்டு அமெரிக்க டாக்டருங்க 1989-லயே எழுதினது. கிளினிக் முறைல ஒரு மணி நேரத்துல நடக்கிறது டிரேல ரெண்டு வாரத்துல நடக்கும். ஒழுங்கா முடிச்சா கடைசில கிடைக்கிற நிறத்துல பெரிய வித்தியாசம் இருக்காது.

சிங்கப்பூர்ல இன்னொரு விஷயம் இருக்கு. 0.1 சதவீதத்துக்கு மேல ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிற பல் வெள்ளையாக்கும் ஜெல்லைப் பல் டாக்டர் மூலமாத்தான் கொடுக்கணும்னு சுகாதார அறிவியல் ஆணையத்தோட விதி. அப்ப மருந்துக்கடை அலமாரில நீங்களா எடுத்துக்கிற பொருள்ல பெராக்சைடு எவ்ளோ இருக்கும்னு யோசிச்சுக்குங்க. அது மேல படிஞ்ச டீக் கறையைக் கொஞ்சம் எடுக்கும், பல்லோட சொந்த நிறத்தைத் தொடாது.

என்ன கறைன்னு பாக்காம ஆரம்பிக்கிறது

கோப்பி ஓ (கருங்காப்பி), தே தாரிக் (பால் டீ), வெத்தலை பாக்கு, சிகரெட், இதெல்லாம் மேல படியிற கறை. முதல்ல ஸ்கேலிங் (காரை எடுக்கிறது), பாலிஷிங் பண்ணாலே பாதி போயிரும், சாஸ் அட்டை (அரசாங்க மருத்துவ மானிய அட்டை) இருக்கிற நிறைய பேருக்கு அதுக்கு மானியமும் உண்டு. வெள்ளையாக்குறதுக்கு சாஸும் கிடையாது, மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவும் கிடையாது, அது அழகுக்குப் பண்றதுன்னு கணக்கு. அதனால மானியம் கிடைக்கிறதை முதல்ல பண்ணிப் பாருங்க, சில பேர் பாலிஷிங் முடிஞ்சு கண்ணாடி பாத்துட்டு "போதும் டாக்டர்"னு சந்தோஷமா கிளம்பிருவாங்க, அவங்களை நிறுத்தி ஜெல் விக்கிறது என் வேலை இல்ல.

வாய் கொப்பளிக்கிற குளோரெக்சிடின் மருந்தை டாக்டர் ரெண்டு வாரம்னு சொன்னதை மாசக்கணக்குல பயன்படுத்தி பல்லு பழுப்பாகி வர்றவங்களும் இருக்காங்க. அவங்களுக்கும் பாலிஷிங் போதும், அந்த மருந்தை நிறுத்தணும், அவ்ளோதான்.

உள்கறை வேற கதை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிறந்து வளர்ந்து இங்க வேலைக்கு வந்த தம்பிங்க சில பேருக்குப் பல்லுல வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் இருக்கும், அந்த ஊர் நிலத்தடித் தண்ணில ஃபுளோரைடு அதிகம், பல் உருவாகுற வயசுல குடிச்சதால வந்தது. இவங்க சரியா பல் தேய்க்கலைன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும், இது தேய்ச்சுப் போற கறையே இல்ல. பெராக்சைடு போட்டா முதல் சில நாள்ல அந்த வெள்ளைத் திட்டு இன்னும் தூக்கலா தெரியும், இது முன்னாடியே தெரியாதவங்க பயந்துபோய் பாதில நிறுத்திருவாங்க. அவங்களுக்கு மேல்பகுதியை லேசா சுரண்டி எடுக்கிறதோ, ரெசின்னு சொல்ற பிசினை உள்ள ஊட்டுறதோ சேர்த்துப் பண்ண வேண்டியிருக்கும். சின்ன வயசுல டெட்ராசைக்ளின்ங்கிற ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிட்டு சாம்பல் நிறமான பல்லுக்கு ரெண்டு வாரம் பத்தாது, மாசக்கணக்குல ஆகும், அப்பவும் முழுசா போகும்னு நான் வாக்கு கொடுக்க மாட்டேன்.

ஒரே ஒரு பல்லு மட்டும் கருப்பா இருந்தா ஜெல் வாங்காதீங்க. எக்ஸ்ரே எடுங்க. நரம்பு செத்திருக்கலாம்.

முன்பல்லுக்குக் கேப் போட்டுட்டு அப்புறம் வெள்ளையாக்க வர்றது

இதைத்தான் நான் விலாவாரியா சொல்லணும்னு உக்காந்தேன். இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு எரிச்சல் குறையாத ஒரே விஷயம் இது.

ஒரு அக்கா வந்தாங்க, மகள் கல்யாணம் வருது, முன்பல்லுல பழைய கேப்போட (பல்லு மேல மாட்டுற உறை) ஈறு ஓரத்துல கருப்புக் கோடு தெரியுதுன்னு வேற ஒரு இடத்துல புது கேப் போட்டிருந்தாங்க. வேலை அருமையான வேலை, சும்மா சொல்லக்கூடாது, பக்கத்துப் பல்லோட நிறத்தை அச்சு அசலா பாத்துப் பொருத்தியிருந்தாங்க, ஷேட் ஏ3.5 (பல் நிற அளவு, ஏ வரிசைல நம்பர் கூடக் கூட நிறம் அடர்த்தி). கேப் போட்டு கொஞ்ச நாள் கழிச்சு சொந்தக்காரங்க யாரோ பல்லை வெள்ளையாக்கலாம்னு சொல்லியிருக்காங்க, இவங்களும் வேற ஒரு இடத்துல டிரேயும் ஜெல்லும் வாங்கி ஒரு நாள் விடாம ஒழுங்கா பண்ணியிருக்காங்க. ரெண்டு வாரத்துல சொந்தப் பல்லெல்லாம் ஏ1-க்கு வந்திருச்சு. கேப் மட்டும் ஏ3.5-லயே நின்னுருச்சு. சிரிச்சா நடுவுல அந்த ஒரு பல்லு மட்டும் மஞ்சளா தனியா தெரியுது. அப்புறம்தான் என்கிட்ட வந்து, "டாக்டர், அந்த ஒரு பல்லுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் மருந்து வைங்களேன்"னு கேட்டாங்க. அவங்ககிட்ட உக்காந்து விளக்கிச் சொல்றது எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

பெராக்சைடு வேலை செய்றது பல்லுக்குள்ள இருக்கிற நிறப்பொருள் மேல. அது எனாமல் வழியா உள்ள இறங்கி, டென்டின்ல இருக்கிற அந்தப் பெரிய நிற மூலக்கூறுகளை உடைக்குது, உடைஞ்சதும் நிறம் வெளிறுது. பீங்கான் கேப்ல அப்படி உடைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. நீங்க 40 சதவீத ஜெல்லை ஒரு வருஷம் வச்சாலும் கேப் அப்படியேதான் இருக்கும். பல்லு முன்பக்கம் ஒட்டுற மெல்லிசான ஓடு, வெனீரும் அப்படித்தான், உடைஞ்ச முனைக்குப் பிசின்ல ஒட்டுறோமே அதுவும், பல்லு நிற ஃபில்லிங்கும் அப்படித்தான், மேல படிஞ்ச கறை போகலாம், அடி நிறம் மாறாது.

இதுல காசு எப்படிப் போகுதுன்னு பாருங்க. தனியார் கிளினிக்ல ஒரு கேப்புக்கு ஆயிரம் வெள்ளியைத் தாண்டிப் போறது சாதாரணம். வெள்ளையாக்கப் பல நூறு வெள்ளி. அப்புறம் நிறம் சேரலைன்னு மறுபடியும் இன்னொரு கேப், மறுபடியும் ஆயிரம். காசு மட்டும் போனா பரவால்ல, பழைய கேப்பை அறுத்து எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் அடில இருக்கிற சொந்தப் பல்லுக்கு ஆபத்து. அந்த அக்காவுக்கு ரெண்டு வழிதான் இருந்துச்சு, புது கேப் போடணும், இல்ல வெள்ளையான பல்லு மெதுவா பழைய நிறத்துக்கு இறங்குற வரைக்கும் காத்திருக்கணும். மகள் கல்யாண ஆல்பம் முழுக்க உதட்டை மூடிச் சிரிக்கணும்னு நினைச்சாலே அவங்களுக்கு அழுகை வந்துச்சு, புது கேப்பே போட்டாங்க.

எனக்குக் கோவம் அந்த அக்கா மேல இல்ல. அவங்களுக்கு இது எப்படித் தெரியும்? முன்பல்லுக்கு ஷேட் பாக்குற நாற்காலில ஒருத்தர் உக்காந்திருக்கும்போது "பல்லை வெள்ளையாக்குற யோசனை ஏதாச்சும் இருக்கா"ன்னு கேக்குறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்? ஜெல் விக்கிறவங்க வாயைத் திறக்கச் சொல்லி எங்க எங்க கேப் இருக்குன்னு எண்ணிப் பாக்குறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்? ரெண்டு இடத்துல ரெண்டு பேர் கேட்டிருக்கலாம், ரெண்டு பேருமே கேக்கல. அதனால நீங்க கேளுங்க, டாக்டர் கேக்கலைன்னா நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்க.

வரிசை இதுதான், மாத்தாதீங்க. முதல்ல செக்கப், சொத்தை இருந்தா அதை அடைக்கணும், முன்பல்லா இருந்தா இப்போதைக்கு ஒரு தற்காலிக ஃபில்லிங் போதும். அப்புறம் ஸ்கேலிங். அப்புறம் வெள்ளையாக்குறது. அப்புறம் ரெண்டு வாரம் சும்மா இருக்கணும், இந்த ரெண்டு வாரத்தைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிக்கப் பாப்பாங்க. நிறம் ஒரு இடத்துல நிலைக்கணும், அது ஒரு காரணம், இன்னொண்ணு பல்லுக்குள்ள தங்கியிருக்கிற ஆக்சிஜன் வெளிய போகணும், அது இருக்கும்போது பிசின் சரியா ஒட்டாது, ஒட்டின மாதிரி இருந்து பிறகு பெயர்ந்து வரும். அதுக்கப்புறம்தான் ஷேட் பாத்து கேப்போ வெனீரோ ஃபில்லிங்கோ.

ஏற்கனவே முன்னாடி கேப் இருக்கா? அப்பவும் வழி இருக்கு. சொந்தப் பல்லு கேப்பை விட மஞ்சளா இருந்தா கேப்போட நிறம் வரைக்கும் மட்டும் வெள்ளையாக்கி அங்க நிறுத்திக்கலாம், இதுக்கு டிரேதான் தோது, ஏன்னா ஒவ்வொரு நாளும் கண்ணாடில பாத்து நிறுத்த முடியும். ரெண்டும் இப்ப ஒரே நிறத்துல இருந்தா ஒண்ணு விட்ருங்க, இல்ல புது கேப்புக்கும் காசு எடுத்து வச்சுட்டு இறங்குங்க. பின்கடவாய்ப் பல்லு கேப்பைப் பத்திக் கவலை வேணாம், சிரிச்சா தெரியுற பல்லு மட்டும்தான் கணக்கு.

பல்லை நேராக்க அலைனர் (கழட்டி மாட்டுற பிளாஸ்டிக் உறை) போட்டிருக்கிற பிள்ளைங்களும் இதே மாதிரி மாட்டிக்குவாங்க. பல்லு மேல ஒட்டியிருக்கிற சின்னச் சின்ன பட்டன் எல்லாம் எடுக்கிறதுக்கு முன்னாடி ஜெல் வச்சா அந்த இடம் மட்டும் மஞ்சளா நிக்கலாம். பிரேஸுக்கும் அதேதான்.

நீல லைட்டைப் பாத்து காசு கொடுக்கிறது

வெள்ளையாக்குறது ஜெல். லைட்டால கூடுதலா கிடைக்கிறது ரொம்பக் கம்மின்னுதான் ஆராய்ச்சிகள் பெரும்பாலும் சொல்லுது. நாற்காலிலேர்ந்து எழுந்ததும் பளீர்னு தெரியுறதுல ஒரு பங்கு பல்லு காஞ்சு போனதால வர்றது, எச்சில் ஊற ஊற அது கொஞ்சம் இறங்கும். மறுநாளே "ஏமாத்திட்டாங்க"ன்னு சண்டைக்குப் போகாதீங்க, ரெண்டு வாரம் கழிச்சு இருக்கிற நிறம்தான் உங்க நிறம்.

ஆன்லைன்ல ஸ்ட்ரிப் வாங்குறது

ஸ்ட்ரிப்புன்னா ஜெல் தடவின, பல்லு மேல ஒட்டுற பட்டை. எத்தனை சதவீதம்னே போடாத டப்பா, எந்த நாட்டுலேர்ந்து வந்துச்சுன்னு தெரியாது, நம்ம ஊர் வெயில்ல பார்சல் வேன்லயும் வாசல்லயும் கிடந்து வருது. பெராக்சைடு சூட்டுல உடைஞ்சு போற சரக்கு, அதனாலதான் நாங்க ஃபிரிட்ஜுல வைக்கிறோம். உள்ள இருக்கிறது செத்துப்போன ஜெல்லா இருந்தா காசு போச்சு, எழுதினதை விட ஸ்ட்ராங்கா இருந்தா ஈறு போச்சு. நல்ல ஸ்ட்ரிப்பே ஆனாலும் முன்னாடி ஆறு எட்டு பல்லுக்குத்தான் எட்டும், கோணலா இருக்கிற பல்லு இடுக்குல படாது, கோரைப்பல்லு ஏற்கனவே மத்ததை விட மஞ்சள், அது ஓரத்துல அப்படியே விட்டுப்போகும்.

ஜெல்லை அள்ளி வைக்கிறது

ஒரு பல்லுக்கு ஒரு அரிசி அளவு. வழிஞ்சா துடைச்சிருங்க.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் வர்றது

ரெண்டு மாசம் முன்னாடி வாங்க. செக்கப்புக்கு ஒரு நாள், டிரேக்கு அளவு எடுத்துச் செய்ய கொஞ்ச நாள், ஜெல்லுக்கு ரெண்டு வாரம், கூச்சம் வந்தா இடைவெளி விட நேரம், நிறம் நிலைக்க ரெண்டு வாரம், கூட்டிப் பாருங்க. தேதி நெருங்கி வேற வழியே இல்லைன்னா அப்ப கிளினிக்ல பண்றதுதான் சரி, கொடுக்கிற கூடுதல் காசு அந்த வேகத்துக்கு. டிரே வச்சா ஓங்கரிக்கிறவங்களுக்கும், ராத்திரி ஷிஃப்ட் பாத்துட்டு வந்து ஒழுங்கா பண்ண முடியாதுன்னு தெரிஞ்சவங்களுக்கும்கூட கிளினிக்தான். மத்த எல்லாருக்கும், யார் கேட்டாலும், டாக்டர் அளவெடுத்துக் கொடுக்கிற டிரேயைத்தான் நான் சொல்லுவேன், செலவும் கம்மி, கூச்சமும் நம்ம கட்டுப்பாட்டுல இருக்கும்.

கூச்சத்தைப் பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கிறது

பெராக்சைடு சில நிமிஷத்துலயே நரம்பு வரைக்கும் போயிரும், அதனால சுள்ளுன்னு இழுக்கிறது சகஜம். ரெண்டு வாரம் முன்னாடியே பொட்டாசியம் நைட்ரேட் இருக்கிற கூச்சத்துக்கான பேஸ்ட்டுக்கு மாறிருங்க, வலிச்சா ஒருநாள் விட்டு ஒருநாள் வைங்க. நாள் கூடும், அவ்ளோதான், பலன் குறையாது. ஒரே ஒரு பல்லு மட்டும் விடாம குத்துனா அது கூச்சம் இல்ல, விரிசலோ சொத்தையோ இருக்கலாம், ஜெல்லை நிறுத்திட்டு வந்து காட்டுங்க.

கர்ப்பமா இருக்கும்போது

வேணாம். பால் கொடுக்கிறதும் முடியட்டும்.

வேலை முடிஞ்சதும் டிரேயைத் தூக்கிப் போடுறது

கோப்பியும் குழம்பும் நிறுத்த மாட்டோம், நிறம் மெதுவா இறங்கத்தான் செய்யும். டிரே பத்திரமா இருந்தா ஒரு குழாய் ஜெல் மட்டும் வாங்கி ரெண்டு மூணு ராத்திரி வச்சா போதும், மறுபடி முழுக்காசு கொடுக்க வேண்டியதில்ல. பச்சைத்தண்ணில கழுவி டப்பால போட்டு வைங்க. சுடுதண்ணி வேணாம், டிரே நெளிஞ்சிரும்.